யாரும் தொடாத தீவு

நுசா லெயின்
6 ஏப்ரல் 2014

அப்பாவைத் தெருவில் நடக்கவைத்தது நீதான், அக்கா.

நலம் விசாரிப்பைக் கடைசியில் வைத்திருக்கிறேன். முதலில் இதை வாசி.

நேற்றுக் காலை கோவில் மணி அடித்ததும் அப்பா தானாகவே வீட்டைவிட்டு இறங்கினார். கழுத்தில் குருத்தோலை, கையில் சின்ன முரசு. வடக்குக் கோடியிலிருந்து தெற்குக் கோடிவரை ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, முரசைத் தட்டி, "நான் பூட்டின கடல நானே திறந்தேன்! என்னை மாதிரி யாரும் செய்யாதீங்க!" என்று கத்திக்கொண்டே போனார். பத்தொன்பது வருடம் இந்த ஊரின் கடற்காவலராக இருந்தவர். பூட்டை மீறியதற்காக அவர் இப்படி நடக்கவைத்த அத்தனை பேரும் வாசலில் நின்று பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

பெத்ரொனேலா அத்தைதான் பொறுக்கமுடியாமல் தெருவுக்கு வந்தாள். "போதும்யா, உள்ள வா. இருமி இருமியே செத்துருவ போல. கடலுக்கே கேட்டுருச்சு."

"சட்டம் எனக்குன்னு தனியா இல்ல, பெத்ரா. வழிய விடு," என்றார் அப்பா.

நீ செய்ததைச் சொல்கிறேன். மார்ச் இருபத்திரண்டில் உன் சுற்றுலாக் கம்பெனிப் படகு வந்தது. எட்டு வெளிநாட்டுக்காரர்கள், ஒரு கைடு, உன் கடிதம். ஏழு வருடமாக ஒரு வரி எழுதாதவள், முதல் கடிதத்தில் எழுதியது இது: 'அப்பா, ஒரு மணி நேரம் போதும். சும்மா பார்ப்பார்கள். எதையும் எடுக்க மாட்டார்கள்.'

அந்த மணலிலேயே உட்கார்ந்து அப்பா அதை மூன்று முறை வாசித்தார். பிறகு என்னிடம் கேட்டார், "பாக்குறது எடுக்குறதுல சேராதுல்லடா?" சேரும் என்றேன். பூட்டிய கடலில் படகின் நிழல்கூட விழக்கூடாது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அவர். அதை அவரிடமே திருப்பிச் சொன்னேன். அவர் எழுந்துபோய், பூட்டுக்கு அடையாளமாகக் கரையில் நட்டிருந்த கழியைப் பிடுங்கினார். சிப்பி வளரட்டும் என்று பூட்டிய நம் சுவர்ப்பாறைக் கடல் திறக்க இன்னும் எட்டு மாதம் இருந்தது, அக்கா. மூன்று வருடப் பூட்டு.

ஒரு மணி நேரம் மூன்று மணி நேரமானது. மூச்சுக்குழாயை வாயில் கவ்விக்கொண்டு குப்புற மிதந்தார்கள். கைடு நங்கூரத்தைப் பெரிய பவளத்தின் மேலேயே போட்டான். மேசைபோல விரிந்திருக்குமே, அதன் நடுவில். நான் முங்கிப் பார்த்தேன். இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. போகும்போது ஒரு பெண் அப்பாவின் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். இன்னொருவர் அப்பா முங்கும்போது போடும் மரக் கண்ணாடியை விலைக்குக் கேட்டார்.

முறை உனக்குத் தெரியும். காலம் வருவதற்குள் திறந்த கடலைத் திறந்தவர் மட்டும் பூட்ட முடியாது. திறக்கச் சொன்னவரும் வந்து கழியின் இன்னொரு முனையைப் பிடிக்க வேண்டும், ஊர் முன்னால். அதுவரை கடல் திறந்துதான் கிடக்கும். கப்பல் ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு வருகிறது. வா.

உன் உடம்பு எப்படி? ஆம்போனில் மழை பிடித்துவிட்டதா? இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதுவது வழக்கம். எழுதவில்லை.

நப்தலி


ஆம்போன்
17 ஏப்ரல் 2014

அன்புத் தம்பி நப்தலிக்கு,

அக்கா ஓல்பினா எழுதுகிறேன். ஆண்டவர் கிருபையில் நான் சுகம். நீயும் அப்பாவும் சுகமாயிருக்க மன்றாடுகிறேன்.

உன் கடிதத்தைக் கப்பல் சமையல்காரர் ஹெர்மானுஸ் கொண்டுவந்து கொடுத்தார். பிரித்து வாசித்துவிட்டுத்தான் கொடுத்திருக்கிறார் என்று முகத்திலேயே தெரிந்தது. உன் கையெழுத்தைப் பார்த்து எனக்கு அடையாளமே தெரியவில்லை. நான் கிளம்பும்போது உனக்குப் பதினான்கு வயது.

நங்கூரம் போட்டது தப்பு. கைடிடம் கடுமையாகப் பேசிவிட்டேன். இனி அப்படி நடக்காது. ஆனால் தம்பி, பார்ப்பது எப்படிக் குற்றமாகும்? வந்தவர்களில் ஒருவர் திரும்பிவந்து என் மேசைமுன் நின்று அழுதார். இப்படி ஒரு கடலை வாழ்க்கையில் கண்டதில்லை என்றார். ஊருக்கு இதனால் நல்லது வரும். போன் டவர் வரும், ஜெனரேட்டர் வரும். கம்பெனியின் புதுக் கையேடு ஒன்று இதனுடன் வைத்திருக்கிறேன். அட்டையில் நம் கடற்கரை. அப்பாவிடம் காட்டு.

இந்த மாதம் வர முடியாது. இங்கே லீவு என்பது கேட்டவுடன் கிடைக்கிற சாமான் இல்லை.

அப்பாவுக்கு இருமல் எப்போதிலிருந்து? சளி வருகிறதா, வறட்டு இருமலா? மறக்காமல் எழுது.

மேரி மாதா பள்ளிக்குப் பின்னால் நான் தங்கியிருக்கும் அறையில் இப்போது மழை ஒழுகுகிறது. மற்றபடி குறையில்லை.

உன் அக்கா
ஓல்பினா


நுசா லெயின்
4 மே 2014

அக்காவுக்கு,

நீ சுகம் என்று அறிந்தேன். நல்லது.

கையேட்டை வாசித்தேன். 'யாரும் தொடாத தீவு' என்று தலைப்பு. கீழே, 'மனிதக் காலடி படாத மணல்'. படத்தில் கடற்கரை இருக்கிறது, தென்னை இருக்கிறது, நம் வீடுகள் மட்டும் இல்லை. ஓரத்தை வெட்டியிருக்கிறார்கள். நானூற்றுப் பன்னிரண்டு பேரை ஒரு கத்தரிக்கோலில் முடித்துவிட்டார்கள். பெத்ரொனேலா அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். "யாருமே இல்லாத தீவாமா? அப்ப நான் யாருடா, நண்டா?" என்றாள். ஊரே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்த வரியை எழுதியது யார்? பெயர் வேண்டும்.

அரசாங்க வாத்தியார் வருடத்தில் நான்கு மாதம் இருக்கிறார். நர்ஸ் கிடையாது. வீடு கட்டி வைத்திருக்கிறார்கள், அதில் ஆடு குடியிருக்கிறது. சொன்ன நாளில் சொன்ன நேரத்தில் வருவது உன் கம்பெனிப் படகு ஒன்றுதான்.

போன ஞாயிறு மறுபடி வந்தது. அதற்கு முந்தைய நாள்தான் தீத்து மாமாவை அடக்கம் செய்தோம். காய்ச்சல், ஐந்து நாள். நாற்பது நாள் நிமிராமல் இருக்க வேண்டிய அவர் படகை முறைப்படி மூத்த மகள் மாரிசே தன் கையால் கரையில் கவிழ்த்து வைத்தாள். இழுக்கும்போது அவள் உள்ளங்கை கிழிந்தது. யாரும் உதவிக்குப் போகக்கூடாதே, நின்று பார்த்தோம். மறுநாள் உன் விருந்தாளிகள் இருவர் அந்தப் படகின் மேல் ஏறி உட்கார்ந்து தேங்காய் குடித்தார்கள். கைடு, "உக்காருங்க உக்காருங்க, உங்களுக்காகத்தான் கவுத்து வச்சிருக்காங்க," என்றான். மாரிசே வந்து நின்றாள். அவர்கள் அவளைப் பார்த்துக் கையசைத்தார்கள். அவள் என்ன செய்வாள் சொல், அவளும் கையசைத்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

அப்பா கையேட்டைப் பார்த்தார். மடித்துப் பைபிளுக்குள் வைத்துக்கொண்டார். உன் கை பட்ட தாள் என்பதால் இருக்கும்.

இருமல் இருக்கிறது. சளியோடு. கழி பிடிக்க நீ எப்போது வருகிறாய்?

நப்தலி


ஆம்போன்
28 மே 2014

அன்புத் தம்பிக்கு,

கர்த்தர் உங்கள் இருவரையும் காக்கட்டும். நான் நலம்.

தீத்து மாமாவை நினைத்து இரண்டு நாள் வேலை ஓடவில்லை. மாரிசேயிடம் என் துக்கத்தைச் சொல். கைடை மாற்றச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

கையேட்டில் வரிகளை எழுதுவது கம்பெனியில் யாராவது செய்வது. அதற்கெல்லாம் பெயர் இருக்காது.

சளி என்ன நிறம்? இரவில் வியர்க்கிறதா? சாகோக் கூழ் குடிக்கிறாரா, அதையும் ஒதுக்குகிறாரா? ஹெர்மானுஸிடம் இரண்டு பாட்டில் மருந்தும் மாத்திரையும் கொடுத்திருக்கிறேன். மாத்திரை காலையும் இரவும், சாப்பிட்ட பிறகு. முழுவதும் தீரும்வரை கொடு. இருமல் நின்றுவிட்டது என்று பாதியில் நிறுத்திவிடாதே.

ஜூனில் லீவு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த கடிதத்தில் உறுதியாக எழுதுகிறேன்.

ஓல்பினா


நுசா லெயின்
15 ஜூன் 2014

அக்காவுக்கு,

மருந்து வந்தது. உன் சுகம் அறிந்தோம்.

இதுவே அப்பாவின் உடம்பைப் பற்றி நான் எழுதும் கடைசிக் கடிதம். இது அவர் கட்டளை. உன் கேள்விகளை ஒவ்வொன்றாக வாசித்தேன். நிறம், வியர்வை, கூழ் எல்லாம். கேட்டுவிட்டுச் சொன்னார்: "என் இருமலப் பத்தி இனி அவளுக்கு எழுதாத. நான் படுத்தாலும் எழுதாத, எந்திரிச்சாலும் எழுதாத. வந்தா கடலுக்காக வரட்டும். எனக்காக வந்தா, நான் தேறினதும் கெளம்பிருவா. கடல் அப்படியே கெடக்கும்."

சத்தியம் வாங்கிக்கொண்டார். ஆகவே கேட்காதே.

கடலைப் பற்றி எழுதலாம். எழுதுகிறேன். கடற்காவலரே திறந்துவிட்டார், நமக்கென்ன என்று ஊர்க்காரர்களே இறங்கிவிட்டார்கள். இதை எதிர்பார்த்தாயா? முதலில் ராத்திரியில் ஒருவர் இருவராகப் போனார்கள். இப்போது பட்டப்பகலில் கூடை கூடையாக லோலாச் சிப்பி. விரலளவு குஞ்சுச் சிப்பியைக்கூட விடுவதில்லை. அப்பா கரையில் நின்று சங்கை ஊதுகிறார். முன்பெல்லாம் அந்தச் சத்தம் கேட்டால் துடுப்பு நின்றுவிடும். இப்போது படகிலிருந்தே கத்துகிறார்கள், "வெள்ளக்காரனுக்குன்னா தொறந்திருக்கும், எங்களுக்குன்னா பூட்டிருக்குமா, பெரியவரே?" ஊதுகிறார். இருமுகிறார். ஊரை நடத்த வேண்டிய ராஜாவோ கம்பெனி கொடுத்த தொப்பியைப் போட்டுக்கொண்டு பிரசங்கத்துக்கு வருகிறார்.

கீழைக்காற்று பலமாக இருக்கிறது. அடுத்த கப்பல் வந்தால் உண்டு.

நப்தலி


ஆம்போன்
10 ஜூலை 2014

நப்தலி,

சுகம். சுகம் என்று நினைத்துக்கொள்.

நீ எழுதிய முதல் வரி மூன்று மாதமாக என் தலைக்குள் இருக்கிறது. அப்பாவைத் தெருவில் நடக்கவைத்தது நான்தான் என்றாய். சரி. என்னை நடக்கவைத்தது யார்?

எனக்குப் பத்தொன்பது வயது. நர்ஸ் பரீட்சைக்கு ஆம்போன் வரச் சொல்லியிருந்தார்கள். மூடிய காலணி இல்லாமல் உள்ளே விடமாட்டோம் என்று தாளில் அச்சடித்திருந்தது. நம் வீட்டில் காலணி என்று ஒன்று இருந்ததா? விற்றால் காலணிக்கு ஆகும் என்று பூட்டிய கடலில் முங்கினேன். மூன்று சிப்பி. மூன்றே மூன்று. கரையேறும்போது அப்பா நின்றுகொண்டிருந்தார்.

கழுத்தில் குருத்தோலையைக் கட்டியது அவர் கை. தெற்குக் கோடிவரை நடந்தேன். 'நான் ஊரின் கடலைத் திருடினேன்' என்று நானே கத்தினேன். முரசை என்னால் அடிக்க முடியவில்லை, வேறு ஒருவரிடம் கொடுத்தார்கள். அதை அடித்தது நீ, நப்தலி. நன்றாக அடித்தாய். தாளம் தப்பவில்லை.

அடுத்த கப்பலில் கிளம்பினேன். ரப்பர் செருப்போடு போய் நின்றேன். வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஊருக்கு நர்ஸ் இல்லை என்று எழுதியிருந்தாயே, அதை வாசிக்கும்போது இதுதான் நினைவுக்கு வந்தது.

இப்போது கேள். மார்ச்சில் அந்தக் கடிதத்தைத் தெரியாமல் எழுதவில்லை. கடல் பூட்டியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். எட்டு மாதம் இருக்கிறது என்றும் தெரியும். எனக்காக ஒரே ஒருமுறை திறப்பாரா என்று பார்க்க வேண்டும்போல இருந்தது. திறக்கமாட்டார் என்றுதான் நினைத்தேன். திறக்காமல் இருந்திருந்தால் நிம்மதியாக அவரை வெறுத்துக்கொண்டு இருந்திருப்பேன்.

இதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டாதே.

ஓல்பினா


நுசா லெயின்
10 ஆகஸ்ட் 2014

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நன்றாக இருக்க வேண்டும். இதை வழக்கத்துக்காக எழுதவில்லை.

வாசித்துக் காட்டிவிட்டேன். அவர் கண்ணுக்கு இப்போது எழுத்து தெரிவதில்லை. என்ன எழுதியிருக்கிறாள் என்று கேட்டால் பொய் சொல்ல எனக்கு வராது.

முழுவதும் கேட்டார். "மூணு சிப்பியா? நான் நாலுன்னு நெனச்சுட்டு இருந்தேன்," என்றார். அப்புறம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு சொல்லும் என்னுடையது இல்லை:

"அவள நடக்கவச்சது சட்டம். அதுல தப்பில்ல. ஆனா காவலனுக்குத்தான் அன்னிக்கு வேல இருந்துச்சு, அப்பனுக்கும் ஒரு வேல இருந்துச்சுடா. அவ பின்னாலயே நடந்து போயிருக்கணும். நான் வாசல்லயே நின்னுட்டேன். மார்ச்சுல அந்தக் காகிதத்தப் பாத்ததும் அதான் ஞாபகம் வந்துச்சு. அவளுக்காக ஒரு தரம் எதையாவது ஒடைக்கணும்னு இருந்துச்சு. ஒடைச்சேன். அது ஊரோட சொத்துன்னு அந்த நேரம் தோணல. அதுக்குத்தான் நடந்தேன். அவளுக்காக நடக்கல, அவளச் சொல்லிக் குத்தமில்லன்னு எழுது."

எழுதிவிட்டேன். ஆகவே என் முதல் கடிதத்தின் முதல் வரியை நான் திரும்பப் பெற வேண்டும். பெறுகிறேன், பாதி. நங்கூரம் இன்னும் உன் கணக்கில்தான்.

முரசு என் கணக்கில். பதினான்கு வயதில் எனக்கு அது பெருமையாக இருந்தது. அத்தனை பேர் முன்னால் அப்பா என்னைக் கூப்பிட்டுக் கொடுத்தாரே என்று. உன் முதுகைப் பார்த்துக்கொண்டே அடித்தேன், முகத்தை ஒருமுறையும் பார்க்கவில்லை. மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரியவில்லை, அக்கா. நீ வந்தால் முகத்தைப் பார்த்துக் கேட்கிறேன்.

அப்பா புதுக் கழி வெட்டிவிட்டார். தோலுரித்து வாசலில் காயப்போட்டிருக்கிறார். தன் முனையைச் சும்மா விட்டிருக்கிறார், உன் முனையில் சொரசொரப்புப் போகத் தேய்த்திருக்கிறார். ஆபீஸ் கையாம். வழுவழுப்பாக இருக்க வேண்டுமாம்.

செப்டம்பர் ஏழாம் தேதிக் கப்பலில் வா. நீ தெருவில் நடக்க வேண்டாம். கரையில் இறங்கி, வெள்ளை உடை உடுத்தி, முனையைப் பிடித்தால் போதும். போதகரிடமும் பேசிவிட்டேன். அப்பா காற்றுத் திசையைப் பார்த்து நாள் எண்ணிக்கொண்டிருக்கிறார்.

தம்பி
நப்தலி


ஆம்போன்
4 செப்டம்பர் 2014

அன்புள்ள தம்பிக்கும், அப்பாவுக்கும்,

இந்தக் கடிதத்தை அப்பாவுக்கு உரக்க வாசி.

அப்பா, நான் சுகமாயிருக்கிறேன். நீங்கள் சொன்னதைத் தம்பி எழுதியிருந்தான். எத்தனை முறை வாசித்தேன் என்று சொல்லமாட்டேன். நீங்கள் பின்னால் நடந்து வருகிறீர்களா என்று அன்று நான் மூன்று இடத்தில் திரும்பிப் பார்த்தேன். இப்போது அது போகட்டும்.

ஏழாம் தேதிக் கப்பலில் நான் இல்லை, அப்பா. அக்டோபர் பன்னிரண்டில் பெரிய கூட்டம் வருகிறது, பதினாறு பேர். அந்த ஏற்பாடு முழுக்க என் தலையில். இப்போது போனால் திரும்பிவர வேண்டாம் என்கிறார் முதலாளி. கிறிஸ்துமஸுக்கு நிச்சயம் வருகிறேன். இந்த முறை நிச்சயம். கழியை நிழலில் வைக்கச் சொல்லுங்கள், வெயிலில் வெடித்துவிடும்.

ஹெர்மானுஸிடம் கடலில் முங்கும்போது போடும் முகக்கண்ணாடி ஒன்று கொடுத்திருக்கிறேன். சாதாரணக் கண்ணாடி இல்லை, உங்கள் வயதுப் பார்வைக்கு லென்ஸ் வைத்துச் செய்தது. அதைப் போட்டு முங்கினால் சின்ன மீனும் தெரியும். டிசம்பரில் நாம் இருவரும் போய் அந்தப் பிளந்த பவளத்தைப் பார்ப்போம். ஒட்டி வளர்கிறதா என்று சொல்லுங்கள்.

நப்தலி, உடம்பைப் பற்றிக் கேட்கக்கூடாது என்றாய். கேட்கவில்லை. ஆனால் மாத்திரை தீர்ந்திருக்கும் என்பதால் இன்னும் ஒரு பெட்டி வைத்திருக்கிறேன்.

உங்கள் மகள்
ஓல்பினா


நுசா லெயின்
21 செப்டம்பர் 2014

அக்காவுக்கு,

நீ சுகமாயிரு.

ஏழாம் தேதி கப்பலுக்குப் படகில் போனோம். ஏணியில் இறங்கியவர்களை எல்லாம் பார்த்தோம். ஹெர்மானுஸ் பொட்டலத்தைக் கொடுத்தார். கடிதத்தை உரக்க வாசித்தேன்.

முகக்கண்ணாடி கதவருகே ஆணியில் தொங்குகிறது. மாத்திரைப் பெட்டியைப் பிரிக்கவில்லை. மாரிசேயின் அம்மாவுக்குக் கொடுத்துவிட்டேன்.

சங்கு இப்போது என்னிடம் இருக்கிறது. போதகர் போன வெள்ளிக்கிழமை ஊர் முன்னால் என் கையில் கொடுத்தார். ஊதிப் பார்த்தேன். எனக்கு இன்னும் சரியாகச் சத்தம் வரவில்லை.

கழி வாசலிலேயே கிடக்கிறது. நிழலில் வைத்திருக்கிறேன்.

பெத்ரொனேலா அத்தை தினமும் வந்து கேட்கிறாள், "மூத்தவ வரலயாடா, மூத்தவ வரலயாடா" என்று.

பன்னிரண்டாம் தேதிப் படகை நிறுத்து. வேறு எந்தப் படகையும் பற்றிச் சொல்லவில்லை, இந்த ஒன்றை மட்டும். அடுத்த மாதம் அந்தக் கரைக்கு யாரும் வர வேண்டாம். காரணம் கேட்காதே.

இனி நான் எழுதப்போவதில்லை. எழுதும்படி ஒன்றும் இல்லை. வருவதானால் வா, கடலுக்காக.

நப்தலி


ஆம்போன்
2 அக்டோபர் 2014

அன்புத் தம்பி,

கடற்காவலர் நப்தலி அவர்களுக்கு வணக்கம்! இப்படித்தான் இனி எழுத வேண்டும், இல்லையா?

உன் கடிதத்தை வாசித்துச் சத்தம்போட்டுச் சிரித்தேன், பக்கத்து மேசைப் பெண் திரும்பிப் பார்த்தாள். அப்பா சங்கைக் கையைவிட்டுக் கொடுத்துவிட்டாரா? தூங்கும்போதும் தலைமாட்டில் வைத்திருப்பாரே! நல்லது. பத்தொன்பது வருடம் ஊதியது போதும். இனியாவது படுத்து ஓய்வெடுக்கட்டும். உனக்குச் சத்தம் வராவிட்டால் அவரிடமே கேள், உதட்டை மடிக்கும் விதம் ஒன்று இருக்கிறது.

மாத்திரை பிரிக்கவில்லை என்றால் இருமல் நின்றுவிட்டது என்று எடுத்துக்கொள்கிறேன். நீ நேராகச் சொல்லமாட்டாய், சத்தியம். நானாகக் கண்டுபிடித்துக்கொண்டேன், பார்த்தாயா?

பன்னிரண்டாம் தேதிப் படகை நிறுத்த முயன்றேன். முடியவில்லை. சுவர்ப்பாறைக்குப் போகமாட்டார்கள், கரையோடு நின்றுவிடுவார்கள் என்று மட்டும் வாக்கு வாங்கியிருக்கிறேன். கோபப்படாதே.

முகக்கண்ணாடி அப்பாவுக்குப் பொருந்துகிறதா? வார் இறுக்கமாக இருந்தால் பின்னால் கொக்கி இருக்கிறது. அதன் வழியாக முதலில் எதைப் பார்த்தார் என்று கேட்டு எழுது. இதற்கு மட்டுமாவது பதில் எழுது.

வெள்ளை உடை தைக்கக் கொடுத்துவிட்டேன்.

உன் அக்கா
ஓல்பினா


ஆம்போன்
31 அக்டோபர் 2014

நப்தலி,

இரண்டு கப்பல் வந்துபோய்விட்டன. உன் கடிதம் இல்லை. இரண்டு முறையும் துறைமுகத்தில் நின்றேன். ஹெர்மானுஸ் எப்போதும் ஏதாவது கிண்டல் பேசுவார். இந்த முறை என்னைப் பார்த்ததும், "லெட்டர் இல்லம்மா," என்று சொல்லிவிட்டு அரிசி மூட்டைக்குப் பின்னால் போய்விட்டார்.

நேற்று முதலாளி என்னைக் கூப்பிட்டார். பன்னிரண்டாம் தேதி போனவர்கள் படங்கள் அனுப்பியிருக்கிறார்கள், அடுத்த வருடக் கையேட்டுக்கு அட்டைப்படம் கிடைத்துவிட்டது என்றார். திரையில் பெரிதாகக் காட்டினார். வெள்ளை மணல், நீலக் கடல், கவிழ்த்து வைத்த ஒரு படகு. அதன் மேல் ஒரு ஆணும் பெண்ணும் முகக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு, மூச்சுக்குழாய் தொங்க, சிரித்துக்கொண்டு படுத்திருக்கிறார்கள். "எவ்வளவு அமைதியா இருக்கு பாரு," என்றார்.

தீத்து மாமாவின் படகு என்று முதலில் நினைத்தேன். அவர் படகை ஜூனிலேயே நிமிர்த்தியிருப்பீர்கள்.

அந்தப் பெண்ணின் முழங்காலுக்குக் கீழே, படகின் அடிவயிற்றில், ஒரு தகர ஒட்டு இருக்கிறது. பிஸ்கட் டப்பாவை வெட்டி அடித்த தகரம். அதை அப்பா அடிக்கும்போது ஆணியை விரலால் பிடித்துக்கொண்டிருந்தது நான். எனக்கு அப்போது ஒன்பது வயது. டப்பாவில் இருந்த சிவப்பு எழுத்து பாதி இன்னும் அழியவில்லை. படத்தில் தெரிகிறது.

நம் ஊரில் நல்ல படகை நடுக்கரையில் கவிழ்த்து வைக்க ஒரே ஒரு காரணம்தான் உண்டு.

முதலாளி படத்துக்குக் கீழே ஒரு வரி கேட்டார். எப்போதும் கேட்பதுபோல. நீ பெயர் கேட்டிருந்தாயே, நப்தலி. 'யாரும் தொடாத தீவு' என்று எழுதியது நான். நம் வீடுகளை வெட்டச் சொன்னதும் நான். தகரக் கூரை படத்தைக் கெடுக்கிறது என்று நினைத்தேன்.

எதுவும் எழுதிக்கொடுக்காமல் எழுந்து வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் வரும் கப்பலில் இந்தக் கடிதம் வரும். அடுத்த கப்பலில் நான் வருகிறேன். திரும்பிவர இடம் இருக்கிறதா இல்லையா என்று யாரையும் கேட்கவில்லை. பெட்டி திறந்தபடி கிடக்கிறது. தைத்த வெள்ளை உடை ஒருபுறம், கறுப்பு உடை ஒருபுறம். எதை வைப்பது என்று நீ சொல்லவில்லை. நாற்பதை எந்த நாளிலிருந்து எண்ணுவது என்றும் நீ சொல்லவில்லை.

மூத்தவள் நான். அந்தப் படகைக் கவிழ்த்திருக்க வேண்டியது என் கை. பெத்ரொனேலா அத்தை தினமும் கேட்டது அதற்குத்தானே? என்னை எத்தனை நாள் பார்த்திருந்தீர்கள்? கடைசியில் யார் இழுத்தது, நீயா? தனியாகவா?

அப்பா அந்தக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தாரா?

படகு இன்னும் கவிழ்ந்துதான் இருக்கிறதா, நிமிர்த்திவிட்டாயா? நிமிர்த்தாமல் இருந்தால் அப்படியே விடு. நாள் கடந்தாலும் விடு, ஊர் என்ன சொன்னாலும் விடு. நான் வந்து என் கையால் நிமிர்த்த வேண்டும்.

நீ சத்தியம் செய்து கொடுத்தவர் இல்லை என்றால், சத்தியமும் இல்லை. எனக்கு எழுது.